கதை கேட்காத பி.பி. சார்

எங்கள் வீட்டு மாடியில் சில வருடங்கள் குடியிருந்த ஒருவரைப் பற்றி எனக்கு இன்னும் தீராத சந்தேகம் ஒன்று இருக்கிறது. அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டுவார், அவ்வளவுதான். அந்த உள்ளங்கையைத் தாண்டிச் செங்கல்பட்டில் யாரும் போனதில்லை, என் அம்மாவைத் தவிர.

அவர் வக்கீல். மனைவிக்கு விழுப்புரத்தில் பேங்க் வேலை, சனிக்கிழமை வந்து திங்கள் காலை போய்விடுவார். மற்ற நாட்களில் மாடியில் இவர் மட்டும்தான். குடிவந்த புதிதில் வாசல் தூணில் பெயர்ப்பலகை மாட்ட என்னிடம் டிரில் மெஷின் கேட்டார். எனக்குப் பைப் கடை, அதனால் எந்நேரமும் வீட்டில் ஒரு மெஷின் இருக்கும். நானே துளை போட்டுக் கொடுத்தேன். பலகை நேராக இருக்கிறதா என்று தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ அரசாங்கம் அவரை செஷன்ஸ் கோர்ட்டுக்கு பி.பி.யாகப் போட்டது. பி.பி. என்றால் பப்ளிக் பிராசிக்யூட்டர். கொலை, கொள்ளை, அடிதடி என்று போலீஸ் கொண்டுவரும் கேஸ்களில் அரசாங்கத்தின் பக்கம் நின்று பேசுகிற வக்கீல். என் அம்மாவுக்குத் தெரிந்தது தினமும் காலையில் மாத்திரை போட வேண்டிய பி.பி.தான். "பி.பி. வந்துச்சாமே சார், உப்பக் கொறைங்க" என்று மெய்யான அக்கறையோடு சொல்லிவிட்டு வந்தாள்.

பதவி வந்தவர்கள் பழைய பலகையைவிடப் பெரிய பலகை மாட்டுவார்கள், சிவப்பு எழுத்தில். தெருவே அதைத்தான் எதிர்பார்த்தது. இவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியோடு இறங்கிவந்து, ஸ்க்ரூ டிரைவரை வைத்து இருந்த பலகையையும் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், ஊர்ல எல்லாரும் பதவி வந்தா போர்டு மாட்டுவாங்க. நீங்க கழட்டிகினு கீறீங்க?"

"போர்டு இருந்தா வந்து கதவத் தட்டுவாங்க தம்பி. தட்டினா கதை சொல்லுவாங்க."

"சொன்னா கேட்டா போச்சு."

"அதான் நானும் சொல்றேன். கேட்டா போச்சு."

சிரிக்காமல் சொன்னார். நான்தான் சிரித்தேன். அவர் சொன்னது வேடிக்கையில்லை என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

அதற்குப் பிறகுதான் அந்த உள்ளங்கை. டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து "சார், ஒரு சின்ன டவுட்டு" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், கை மேலே போய்விடும். டிராபிக் போலீஸ்காரர் லாரியை நிறுத்துகிற மாதிரி. "கேஸ் கதையா? சொல்லாதீங்க. வேற வக்கீலப் பாருங்க." சொந்தக்காரர், சாதிக்காரர், கூடப் படித்தவர், யாராக இருந்தாலும் அதே கைதான். கல்யாணங்களில் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும்போதுதான் ஆட்கள் கதையை ஆரம்பிக்கிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒருமுறை முதல் பந்தியிலேயே பக்கத்து இலைக்காரர் தன் மருமகன் மேல் விழுந்த கேஸை எடுத்தார். கை சோற்றில் இருந்ததால் சார் இடது கையைத் தூக்கினார். "பாயசம் ஆறுது, சாப்புடுங்க" என்றார். சுடச்சுடப் புகைவிட்டுக்கொண்டிருந்த பாயசம்.

கதையே பிடிக்காத ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. கேஸ் இல்லாத கதை எதுவானாலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பார். என் கடைக்கு வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வெந்நீருக்கு ஏன் வேறு பைப் என்பதில் ஆரம்பித்து, எந்தத் தெருவில் யார் வீட்டு மோட்டார் தண்ணீரே இல்லாமல் சுற்றுகிறது என்பது வரைக்கும் கிண்டிக் கிண்டிக் கேட்பார். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ஒரு மார்கழிக் காலையில் ஏரிக்கரை மேடையில் நின்று நத்தைகுத்தி நாரையின் அலகு ஏன் நடுவில் மூடாமல் இடைவெளி விட்டு இருக்கிறது என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மதுராந்தகத்துக்காரர் ஒருவர் ஆளை அடையாளம் கண்டுகொண்டு, "சார், போன மாசம் எங்க ஏரியாவுல ஒரு..." என்றபடி நெருங்கினார். சார் தன் பைனாகுலரைக் கழற்றி அந்த ஆளின் கண்ணில் வைத்து, "அதோ அந்த ரெண்டாவது மரம், குஞ்சுக்கு வாயில ஊட்டுது பாருங்க" என்றார். அந்த ஆளும் கேஸை மறந்து வெகுநேரம் குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இது ஒரு வியாதி மாதிரித்தான் பட்டது. அதுவும், அவருடைய குமாஸ்தா என் கடையில் வந்து புலம்பிய பிறகு இன்னும் ஆச்சரியமாகப் போனது. பி.பி.யாக இருப்பவர் அரசாங்கத்துக்கு எதிராக ஆஜராகக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு என்று குமாஸ்தா சொன்னார். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, வாடகை பாக்கி மாதிரி அரசாங்கம் சம்பந்தப்படாத சிவில் கேஸ்களைத் தாராளமாக எடுக்கலாமாம்.

"கவர்மெண்டே எடுத்துக்கோன்னு வுட்டுருக்கு பாய். இவரு வாசலாண்ட வர்ற கட்சிக்காரன எல்லாம் தொரத்திகினு கீறாரு. அச்சரப்பாக்கத்துல ஒரு அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, தேடி வந்த கேஸு. மாட்டேன்னுட்டாரு."

நான் அன்று சாயங்காலமே சாரிடம் கேட்டேன். கேஸைப் பற்றி இல்லாமல் அவரைப் பற்றி நான் கேட்டதால் கை எழவில்லை.

"இன்னிக்கு வரப்புத் தகராறு தம்பி. அண்ணங்காரன் என் முன்னாடி உக்காந்து, எங்க எங்க கல்லு நட்டான், யார் மேல எவ்ளோ காண்டுன்னு எல்லாத்தையும் கொட்டிடுவான். நாளைக்கு அதே வரப்புல ஒருத்தன் மண்டை ஒடையும். போலீஸ் அந்த கேஸ என்கிட்ட கொண்டாந்து குடுக்கும். அப்ப நான் எந்தப் பக்கம் நிக்கிறது?"

"அந்த மாதிரி எல்லா வரப்புலயும் மண்டை ஒடையுமா சார்?"

"எந்த வரப்புல ஒடையும்னு முன்னாடியே தெரிஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த அச்சரப்பாக்கத்துக் குடும்பத்தில் பிறகு அரிவாள் வெட்டே விழுந்தது. கேஸ் இவரிடம்தான் வந்தது. குமாஸ்தா அதைச் சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் என் கடைக்குப் புலம்ப வருவதில்லை, வாஷர் வாங்க மட்டும் வருவார்.

அப்போதும் எங்கள் வீட்டில் யாரும் இதை எங்களோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் கேஸ், கோர்ட் என்று போகாத குடும்பம். ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சியை ஒரு சொம்பில் மாடிக்கு அனுப்புவோம். சொம்பு திரும்பி வரும்போது உள்ளே ஆரஞ்சோ முறுக்கோ இருக்கும். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்க மாட்டார். அம்மாவுக்கு அதில் அவர்மேல் பெரிய மதிப்பு.

என் தம்பி மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற வழியில் வண்டி நிறுத்துமிடம் குத்தகை எடுத்திருந்தான். அவனுக்கு மதுராந்தகத்தில் பெண் பேசி, பெருநாள் முடிந்ததும் நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. நோன்பு தொடங்கிய வாரத்தில், டூரிஸ்ட் வேன் ஓட்டி ஒருவனுக்கும் இவனுக்கும் டோக்கன் தகராறு. வேன்காரன் இவனைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். இவன் கையில் கிடைத்த வீல் ஸ்பானரால் அடித்துவிட்டான். வேன்காரனுக்குத் தலையில் தையல், ஆஸ்பத்திரி. போலீஸ் கொலை முயற்சி என்று கேஸ் போட்டது. தம்பி ஆம்பூரில் சொந்தக்காரர் வீட்டில் போய் ஒளிந்துகொண்டான்.

செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் மனு போட்டோம். அது கிடைத்தால் போலீஸ் பிடித்து உள்ளே வைக்க முடியாது. கிடைக்காவிட்டால் ஜெயில். ஜெயிலுக்குப் போன மாப்பிள்ளைக்குப் பெண் தர முடியாது என்று மதுராந்தகத்துக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். அந்தக் கோர்ட்டில் எங்களுக்கு எதிராக எழுந்து நிற்க வேண்டியவர் எங்கள் மாடி வீட்டுக்காரர்.

அவர் எதையும் மறைக்கவில்லை. முதல் நாளே கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் எழுந்து, மனுதாரர் தான் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகன் என்று சொல்லிவிட்டார். நீதிபதி சிரித்துவிட்டு, உங்களைப் பற்றித் தெரியாதா, நீங்களே நடத்துங்கள் என்றாராம். எங்கள் பக்கம் ஒரு வக்கீலம்மா. தம்பி அன்றைக்கு மாமல்லபுரத்திலேயே இல்லை, வேண்டாதவர்கள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள் என்று மனுவில் எழுதியிருந்தார். இப்படி எழுதுவது வழக்கம்தான் என்றார்.

அம்மாவுக்கு இந்த வழக்கமெல்லாம் புரியவில்லை. "நம்ம மாடியிலயே பி.பி. கீறாரு. நாம எதுக்கு ஊரெல்லாம் ஓடிகினு கீறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, அவர்கிட்ட மட்டும் போய் எதுவும் பேசிடாத. கையத் தூக்கிடுவாரு."

"எனக்கெல்லாம் தூக்க மாட்டாரு. எத்தினி வருசம் நம்ம வூட்டுக் கஞ்சி குடிச்சிருக்காரு."

மனு மறுநாள் விசாரணைக்கு வர இருந்தது. நான் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அம்மா மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். வழக்கமான சொம்பு அன்று அடுப்பங்கரையிலேயே இருந்தது. காரியம் பெரிது என்பதால், ஒரு குடும்பத்துக்கே போதுகிற எவர்சில்வர் குண்டானில் வாய் வரைக்கும் கஞ்சி ஊற்றித் துணி சுற்றி எடுத்துக்கொண்டு தானே மேலே போயிருக்கிறாள். அவள் முகத்தில் பத்து நாளாக இல்லாத தெளிவு.

"சொல்லிட்டேன். கையத் தூக்கவே இல்ல."

"இன்னா சொன்ன?"

"உள்ளத சொன்னேன். ஸ்பானர எடுத்தது என் புள்ளதான் சார், அவன் புடிச்சுத் தள்ளுனதுக்கு ஆத்தரத்துல ஒரே ஒரு வாட்டி வீசிட்டான், மனசறிஞ்சு ஒரு எறும்பக் கொல்லாதவன், நீங்கதான் பாத்துக்கணும்னேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"இருங்கம்மா, இத வச்சுட்டு வந்துர்றேன்னாரு. நான்தான் வுடல. அந்த மனுசன் குண்டான ரெண்டு கையாலயும் ஏந்திகினு, நான் முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டாரு."

தூக்குவதற்கு அவரிடம் கை இல்லை என்பது எனக்கு அப்போதே உறைத்தது. சொம்பாக இருந்திருந்தால் ஒரு கையால் வாங்கியிருப்பார். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் கோர்ட்டில் எங்கள் மனுவைக் கூப்பிட்டதும் சார் எழுந்தார். இந்த மனுவில் தன்னால் ஆஜராக முடியாது, வேறு அரசு வழக்கறிஞர் நடத்தட்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். நீதிபதி ஏன் என்று கேட்டதற்கு, சொந்தக் காரணம் என்று மட்டும் பதில். கேஸ் கட்டை எடுத்து, தனக்குக் கீழே இருந்த அரசு வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டி வெளியே போனார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

புதிதாக வந்தவர் போட்ட போடு இன்னும் என் காதில் இருக்கிறது. பி.பி. ஒதுங்கிக்கொண்டார், அவர் குடியிருப்பது மனுதாரர் வீட்டில் என்று கோர்ட் வளாகம் முழுக்க அதற்குள் பேச்சு. தானும் வளைந்துவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவர் இரண்டு மடங்கு கடுமையாகப் பேசினார். மனு தள்ளுபடி.

வெளியே வேப்பமரத்தடியில் வக்கீலம்மா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னா பாய் ஆச்சு உங்க வூட்ல? நேத்து மத்தியானம் பி.பி. சாரே என்கிட்ட சொன்னாரு. அடிபட்டவன் டிஸ்சார்ஜ் ஆயி வூட்டுக்குப் போய்ட்டான், தினம் ஸ்டேஷன்ல கையெழுத்துன்னு கண்டிஷன் போட்டுக் குடுக்கட்டும், நான் பெருசா எதிர்க்கப் போறதில்லன்னு. கெடைக்க வேண்டிய பெயிலு. ராத்திரிக்குள்ள இன்னா நடந்துச்சு?"

நான் ஒன்றும் நடக்கவில்லை என்றேன்.

தம்பி சரணடைந்தான். பெருநாளை ஜெயிலில் கழித்தான். நிக்காஹ் நின்றுபோனது. மதுராந்தகத்திலிருந்து சீர்த்தட்டுகள் துணி பிரிக்காமல் திரும்பி வந்தன.

சார் அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தார். சாமான் ஏற்றும்போது நான் கடையைவிட்டு வரவில்லை. அவர்மேல் எனக்கு நல்ல கோபம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கஞ்சியை வாங்கிவிட்டு, எதுவும் கேட்காதவர் மாதிரி கோர்ட்டில் நின்றிருந்தால் என் தம்பி மாப்பிள்ளை ஆகியிருப்பான். தெரு ஒரு பக்கம் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர் என்றது. வேன்காரன் தரப்பு இன்னொரு பக்கம், பி.பி. காசு வாங்கிக்கொண்டு நழுவிவிட்டார் என்று பேசியது. அவர் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லவில்லை.

ஆனால் கோபத்தின் நடுவிலும் ஒன்றை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். அம்மா சொன்னதை அவர் யாரிடமாவது சொல்லியிருந்தால், சம்பவ இடத்திலேயே இல்லை என்ற எங்கள் பேச்சு தவிடுபொடியாகியிருக்கும். புதியவர் வாய் திறக்கும்போதெல்லாம் அந்தச் சொல் வருமோ என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். கேஸ் பிறகு சாதாரண அடிதடியாகக் குறைந்து அபராதத்தோடு முடிகிற வரைக்கும் அது வரவேயில்லை. எங்களுக்காகவும் பேசாமல், எங்களுக்கு எதிராகவும் பேசாமல் ஒரு மனிதர் நடுவில் எப்படித்தான் நின்றார் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

வக்கீலம்மா சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் செங்கல்பட்டில் எது ஒளியும்? யாரோ அம்மாவின் காதில் போட்டிருக்கிறார்கள். அவள் அதை என்னிடம் நேராகக் கேட்டதில்லை. "அந்தக் குண்டானையும் எடுத்துகினு போய்ட்டாரு பாரு" என்று மட்டும் அடிக்கடி சொல்லுவாள். தம்பிக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, குழந்தை பிறந்து தவழ்ந்த பிறகும் ரமலான் வந்தால் அந்தக் குண்டான் பேச்சு வந்துவிடும்.

ஆட்சி மாறினால் பி.பி.க்களும் மாறுவார்கள். இவரும் இறங்கினார். கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் அந்தப் பழைய பலகை மறுபடி தொங்குவதை நான் போகிறபோக்கில் பார்த்தேன். போன ரமலானில் ஒருநாள் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து நான் வீட்டில் இருந்தபோது, அவர் வாசலில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் எங்கள் குண்டான். அது நிறையப் பேரீச்சம்பழம்.

"வெறும் பாத்திரமா குடுக்கக் கூடாதேன்னு பதவி முடியிற வரைக்கும் காத்துகினு இருந்தேம்மா. அது வரைக்கும் உங்க வூட்டுக்கு எதக் கொண்டாந்தாலும் தப்பாப் போயிருக்கும்."

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குண்டானை வாங்கிக் கீழே வைத்தாள். உட்காரச் சொன்னாள். தம்பியின் குழந்தையைக் காட்டினாள். அவர் குழந்தைக்கு எத்தனை பல் என்று விசாரித்தார். பிறகு அம்மா அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப நீங்க பி.பி. இல்லியே சார். ஒண்ணு கேக்கலாமா?"

கை எழுமோ என்று பார்த்தேன். எழவில்லை.

"கேளுங்கம்மா."

"அன்னிக்கு நான் மேல வந்து வாயத் தொறக்காம இருந்தா, என் புள்ளைக்கு பெயிலு கெடச்சிருக்குமா?"

சார் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோர்ட்டில் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னார்.

"இல்லம்மா. கொலை முயற்சி கேஸு. நான் நின்னிருந்தாலும் குடுக்கக் கூடாதுன்னுதான் பேசியிருப்பேன். நீங்க வந்தாலும் வரலன்னாலும் அதேதான் ஆயிருக்கும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? ஊர்ல அவ அவ இன்னா இன்னாவோ சொன்னாளுங்க" என்றாள். எழுந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கஞ்சி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். பாத்திரம் உருட்டுகிற சத்தத்தோடு ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்டது. அவள் பாடி நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் அவர் வாய் திறந்து சொன்ன ஒரே சட்ட யோசனை அதுதான். அது உண்மையில்லை என்பது அந்த அறையில் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

பாங்கு சொல்லி, எங்களோடு கஞ்சி குடித்துவிட்டு அவர் கிளம்பினார். நான் கேட் வரைக்கும் கூடப் போனேன். தூணில் பழைய ஸ்க்ரூ துளைகள் இரண்டும் அப்படியே இருந்தன, அவற்றைத் தடவிப் பார்த்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சார், அன்னிக்குக் கோர்ட்ல வக்கீலம்மா என்கிட்ட..."

வலது கை எழுந்தது. இந்தமுறை கை காலியாகத்தான் இருந்தது.